ஆண்டு வருமானம் எவ்வளவு? சான்றிதழுக்குப் போகும் முன் வீட்டில் போட வேண்டிய கணக்கு

வருமானச் சான்றிதழுக்குப் போன இ-சேவை மையத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் "வருஷ வருமானம் எவ்வளவு போட?" என்று கேட்டால், வரிசையில் நிற்கும் பலரிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "எழுபத்திரண்டாயிரம் போடுங்க." முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு முன்பு இருந்த உச்சவரம்பு அது. 2022இல் அந்த வரம்பு 1,20,000 ரூபாயாகிவிட்டது. பழைய எண் மட்டும் இன்னும் வாயில் நிற்கிறது.

அதே வரிசையில் கட்டட வேலைக்குப் போகிற ஒருவர் நிற்கிறார். அவரிடம் கேட்டால் "நாளைக்கு 850" என்கிறார். எதிரே இருப்பவர் அதை 30ஆல் பெருக்கி, மறுபடி 12ஆல் பெருக்கி, 3,06,000 என்று தட்டிவிடுகிறார். வருஷம் முழுக்க ஒருநாள் விடாமல் வேலை கிடைக்கும் கொத்தனார் எங்கே இருக்கிறார்? அந்த ஒரு பெருக்கலில் அவருடைய பிள்ளையின் கல்வி உதவித்தொகை போய்விடுகிறது.

குறைத்து எழுதினால் பின்னால் மாட்டிக்கொள்வோம். தெரியாமல் கூட்டி எழுதினால் நமக்கு உரியதை நாமே விட்டுக்கொடுக்கிறோம். இரண்டும் நடக்காமல் இருக்க, மையத்துக்குப் போகும் முன்பே ஒரு முழுத்தாளில் கணக்கைப் போட்டுவிட வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும்.

எந்தத் திட்டத்துக்கு என்பதில் இருந்து தொடங்குங்கள்

ஆண்டு வருமானம் என்று எல்லாத் திட்டத்துக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. யாருடைய வருமானம், எந்தெந்த வகை வருமானம், எந்த ஆண்டின் வருமானம் என்ற மூன்றும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆகவே, சான்றிதழ் எதற்கு என்பதைத் தாளின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

வரம்புகளைப் பார்ப்போம். மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000. தனியார் பள்ளிகளில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு, நலிவடைந்த பிரிவில் 2 லட்சம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு 2.5 லட்சம். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குப் பெற்றோர் வருமானம் 3.5 லட்சம். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மத்திய அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் சென்ட்ரல் செக்டார் உதவித்தொகைக்கு 4.5 லட்சம். மத்திய அரசின் கல்விக் கடன் முழு வட்டி மானியத்துக்கும் 4.5 லட்சம்தான். மத்திய அரசின் ஓ.பி.சி. இடஒதுக்கீட்டில் வசதி படைத்தோரை விலக்கும் 'கிரீமி லேயர்' வரம்பும், மற்ற இடஒதுக்கீடு இல்லாத ஏழைகளுக்கான இ.டபிள்யூ.எஸ். ஒதுக்கீட்டின் வரம்பும் 8 லட்சம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் வருமான வரம்பே இல்லை. அதற்காக வருமானச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டாம்.

எட்டு லட்சம் என்ற ஒரே தொகையால் ஓ.பி.சி.யும் இ.டபிள்யூ.எஸ்.ஸும் குழம்பிப்போகின்றன. இரண்டும் கணக்கில் எதிரெதிர்த் துருவங்கள். இ.டபிள்யூ.எஸ்.ஸில் சம்பளம், விவசாயம், வியாபாரம், தொழில் என எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஓ.பி.சி.க்கான வருமானச் சோதனையில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் மற்ற வருமானத்தோடு சேர்த்துக் கூட்டக் கூடாது. 1993 செப்டம்பர் 8ஆம் தேதியிட்ட மத்தியப் பணியாளர் துறை ஆணையிலேயே இது இருக்கிறது. மேலும், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரம்பைத் தாண்டியிருந்தால்தான் கிரீமி லேயர். பெற்றோர் அரசுப் பணியில் இருந்தால் வருமானத்தை விட அவர்களுடைய பதவி குரூப் ஏ-யா, குரூப் பி-யா என்பதே முதலில் பார்க்கப்படும். பொதுத்துறை, தனியார் நிறுவனச் சம்பளத்தைத் தனியே வைத்துப் பார்ப்பதில் நீதிமன்றம் வரை போன சிக்கல்கள் உண்டு. சம்பளம் மட்டுமே 8 லட்சத்தைத் தாண்டுகிற வீடுகள் விண்ணப்பிக்கும் முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இ.டபிள்யூ.எஸ்.ஸில் இன்னொரு கண்ணி சொத்து. வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், குடும்பத்துக்கு 5 ஏக்கர் விவசாய நிலமோ, 1000 சதுர அடி ஃபிளாட்டோ, அறிவிக்கப்பட்ட நகராட்சிப் பகுதியில் 100 சதுர கெஜ மனையோ, மற்ற இடங்களில் 200 சதுர கெஜ மனையோ இருந்தால் தகுதி இல்லை. இங்கே கூட்டுப் பட்டா பலரைக் குழப்புகிறது. சிட்டாவில் 6 ஏக்கர் இருக்கும், பெயர்கள் நாலு இருக்கும். உங்கள் பங்கு ஒன்றரை ஏக்கர்தான் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். பாகம் பிரியாத சொத்து என்றால் பங்குதாரர்கள் யார் யார் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

யாருடைய வருமானம்

'குடும்ப வருமானம்' என்று படிவத்தில் இருந்தாலும் ரேஷன் கார்டில் உள்ள எல்லோரும் குடும்பம் ஆகிவிட மாட்டார்கள். பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் பெற்றோர் இருக்கும்வரை அவர்கள் வருமானம்தான் கணக்கு. வேலைக்குப் போகும் அண்ணனின் சம்பளம் அதில் வராது. ஓ.பி.சி. சான்றிதழிலும் பெற்றோர் வருமானம்தான். விண்ணப்பிப்பவரின் சொந்தச் சம்பளமோ கணவன் அல்லது மனைவியின் சம்பளமோ பார்க்கப்படாது. இ.டபிள்யூ.எஸ்.ஸில் விண்ணப்பதாரர், அவருடைய பெற்றோர், 18 வயதுக்குட்பட்ட உடன்பிறந்தவர்கள், வாழ்க்கைத் துணை, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்தது குடும்பம். 25 வயது அண்ணன் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் அந்தக் கணக்கில் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகன் மாதாமாதம் அனுப்பும் பணம், தனியே வாழும் தந்தை எப்போதாவது தரும் பணம் மாதிரி இழுபறியான வரவுகளை ஒளிக்க வேண்டாம். கூட்டவும் வேண்டாம். தாளில் தனி வரியாக எழுதி, விசாரணைக்கு வரும் அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். சேர்ப்பதா விடுவதா என்று முடிவு செய்வது அவர் வேலை.

எந்த ஆண்டு

நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். இ.டபிள்யூ.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய நிதியாண்டு என்று விதியிலேயே இருக்கிறது. 2026 மே மாதம் விண்ணப்பித்தால் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை. மற்றவற்றுக்கும் வேறு ஆண்டு என்று விதி சொல்லாதவரை, முடிந்த நிதியாண்டை எடுத்துக்கொள்வதே வசதி, ஏனென்றால் அதற்குத்தான் ஆவணம் முழுசாக இருக்கும்.

வருமான வரித் தாக்கல் படிவத்தைக் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் தலையில் பெரிய எழுத்தில் இருப்பது மதிப்பீட்டு ஆண்டு. வருமானம் வந்தது அதற்கு முந்தைய ஆண்டில். மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்றால் வருமானம் 2024-25இன் வருமானம். இந்த ஒரு வருட நழுவலால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் உண்டு. 2026 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் 'வரி ஆண்டு' என்று ஒரே சொல்தான். பழைய படிவங்கள் கையில் இருக்கும்வரை இந்தக் குழப்பமும் இருக்கும்.

சம்பளம்: கைக்கு வருவது அல்ல

சம்பளக்காரர்கள் செய்யும் தவறு ஏறக்குறைய ஒன்றேதான். வங்கிக் கணக்கில் ஏறும் தொகையை 12ஆல் பெருக்குகிறார்கள். கணக்கில் ஏறுவது பி.எஃப்., இ.எஸ்.ஐ., சொசைட்டிக் கடன், முன்பணம் எல்லாம் பிடித்த மிச்சம். எழுத வேண்டியது சேலரி ஸ்லிப்பில் 'மொத்தச் சம்பளம்' என்ற வரியில் இருக்கும் தொகை. அடிப்படைச் சம்பளம், டி.ஏ., எச்.ஆர்.ஏ., மற்றப் படிகள் எல்லாம் சேர்ந்தது அது. ஓவர்டைம், தீபாவளி போனஸ், ஊக்கத்தொகை ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். போனஸ் வருகிற மாதத்தின் ஸ்லிப்பை மட்டும் எடுத்து 12ஆல் பெருக்குகிறவர்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். பன்னிரண்டு ஸ்லிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுங்கள்.

படிவம் 16 (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் சான்று) கிடைப்பவர்கள் அதில் 'மொத்தச் சம்பளம்' என்ற தொகையை எடுக்க வேண்டும். நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்), பழைய வரிமுறை என்றால் 80சி பிரிவில் கழித்த எல்.ஐ.சி. பிரீமியம் எல்லாம் போனபின் கடைசியில் நிற்கும் தொகை வரிக்கான வருமானம். அதைச் சான்றிதழுக்குக் காட்டக் கூடாது. வருடத்தின் நடுவில் கம்பெனி மாறியிருந்தால் இரண்டு படிவம் 16 இருக்கும். இரண்டாவது கம்பெனி தந்ததை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் நிறையப் பேர். வருமான வரித் தளத்தில் இருக்கும் வருடாந்திரத் தகவல் அறிக்கையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் விட்டுப்போன சம்பளமும் வங்கி வட்டியும் அதில் தெரிந்துவிடும்.

"எங்களுக்கு வரியே வராது, பிறகு என்ன வருமானம்?" என்ற கேள்வியும் வருகிறது. 2025-26 நிதியாண்டில் இருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யமாகலாம். அதனால் வருமானம் பூஜ்யம் ஆகிவிடாது. விவசாய வருமானத்துக்கும் வருமான வரி இல்லை. ஆனால் அதைக் கூட்டச் சொல்லும் திட்டத்தில் அது வருமானம்தான்.

கூலி, கடை, வண்டி, நிலம்

சம்பள ஸ்லிப் இல்லாத வீடுகளுக்குத்தான் இந்தக் கணக்கு உண்மையிலேயே கடினம். அரசு உதவி அதிகம் தேவைப்படுவதும் இந்த வீடுகளுக்கே. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தினக்கூலிக்கு மாதச் சராசரி எடுக்காதீர்கள், நாட்களை எண்ணுங்கள். மேலே சொன்ன கொத்தனாருக்கு ஒன்பது மாதம் மாதத்துக்கு 20 நாள் வேலை, மழைக்கால மூன்று மாதம் 9 நாள் என்று வைத்துக்கொண்டால் 180ம் 27ம் சேர்ந்து 207 நாள். 850ஆல் பெருக்கினால் 1,75,950. மையத்தில் தட்டிய 3,06,000க்கும் இதற்கும் இடையே 1.3 லட்சம் வித்தியாசம். ஒரு சின்ன நாட்காட்டியில் வேலைக்குப் போன நாளைச் சுழித்துக்கொண்டே வந்தால், வருஷக் கடைசியில் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. நூறு நாள் வேலைக் கூலி வங்கிக் கணக்கில் வருவதால் பாஸ்புக்கில் இருக்கும். அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

பெட்டிக்கடை, டீக்கடை, காய்கறி வண்டிக்காரர்கள் செய்யும் தவறு வேறு. கல்லாவில் விழுந்ததை எல்லாம் வருமானம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் விற்கும் கடை, மாதம் 26 நாள் திறந்தால் வருஷ விற்பனை 9,36,000. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் சரக்குக்குப் போனது போக நூற்றுக்கு 12 ரூபாய் நிற்கிறது என்றால் கிடைப்பது 1,12,320. அதில் கடை வாடகை மாதம் 3,000 வீதம் 36,000, மின்கட்டணம் மாதம் 1,000 வீதம் 12,000 கழித்தால் மிச்சம் 64,320. இதுதான் வருமானம். இன்றைக்கு க்யூ.ஆர். ஒட்டிய கடைகளில் விற்பனைப் பணம் பெரும்பகுதி வங்கி வழியே வருவதால், ஸ்டேட்மென்ட்டைப் பார்த்த அலுவலர் "ஆறு லட்சம் வந்திருக்கே" என்று கேட்பார். அப்போது பதில் சொல்லப் போவது மொத்தக்கடைச் சரக்கு பில்கள்தான். மாதத்துக்கு ஓர் உறை போட்டு அவற்றைச் சேர்த்து வையுங்கள். இந்தப் பழக்கம் ஒன்று மட்டும் வந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

எதையெல்லாம் கழிக்கலாம்? தொழிலுக்காகச் செலவான எதையும் கழிக்கலாம்: சரக்கு, வாடகை, ஆள் கூலி, மின்சாரம், பெட்ரோல், வண்டி ரிப்பேர், கடனுக்கான வட்டி. கடனின் அசலைக் கழிக்க முடியாது. ஆட்டோ தவணை மாதம் 7,000 கட்டினால் அதில் வட்டிப் பகுதி எவ்வளவு என்று ஃபைனான்ஸ் கம்பெனியில் கேட்டு வாங்கி அதை மட்டும் எழுதுங்கள். பிள்ளைகள் ஃபீஸ், வீட்டு மளிகை, ஆஸ்பத்திரிச் செலவு ஆகியவை எவ்வளவு நியாயமான பாரமாக இருந்தாலும் வருமானத்தில் கழிக்கும் செலவு ஆகாது.

நிலத்துக்கும் இதே முறைதான். விற்ற விளைச்சலின் தொகையில் இருந்து விதை, உழவு, உரம், மருந்து, ஆள் கூலி, அறுவடை வாடகை எல்லாவற்றையும் கழித்து எழுத வேண்டும். அடங்கலில் என்ன பயிர் பதிவாகியிருக்கிறதோ அதோடு உங்கள் கணக்கு பொருந்த வேண்டும். தரிசாகக் கிடந்த வருஷம் என்றால் அதைச் சொல்லுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கு அது தெரிந்த விஷயமாகவே இருக்கும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் உங்களுக்கு வருமானம் குத்தகைப் பணம் மட்டுமே. குத்தகைக்கு எடுத்து உழுபவர் என்றால் குத்தகைப் பணம் உங்களுக்குச் செலவு. பால் மாடு இருந்தால் சொசைட்டி அட்டையில் உள்ள தொகையில் தீவனச் செலவு போக மிச்சத்தை எழுத வேண்டும். இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

ஒரு வீட்டுக் கணக்கு

கற்பனையாக ஒரு குடும்பம். அப்பா மில் வேலை. ஸ்லிப்பில் மொத்தச் சம்பளம் 14,500, கைக்கு வருவது 12,900. தீபாவளி போனஸ் 12,000. அம்மா வீட்டில் தையல்: சாதாரண ஒன்பது மாதம் மாதத்துக்கு 4,000, பண்டிகை வரும் மூன்று மாதம் 9,000. நூல், லைனிங், மின்சாரம், மெஷின் ரிப்பேர் வருஷத்துக்கு 15,000. ஒன்றரை ஏக்கர் புஞ்சையில் கடலை விற்றது 78,000, செலவு 52,000. வீட்டுப் பின்பகுதி வாடகை 2,500, இரண்டு மாதம் ஆள் இல்லை. வங்கி வட்டி 6,500.

தாளில் இப்படி வரும்:

அப்பா சம்பளம் 14,500 × 12 = 1,74,000
போனஸ் = 12,000
தையல் 36,000 + 27,000 − 15,000 = 48,000
நிலம் 78,000 − 52,000 = 26,000
வாடகை 2,500 × 10 = 25,000
வங்கி வட்டி = 6,500
மொத்தம் = 2,91,500

இதே வீட்டில் கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் எடுத்து, போனஸ், வாடகை, வட்டி மூன்றையும் மறந்துவிட்டால் 1,54,800ம் 48,000மும் 26,000மும் சேர்ந்து 2,28,800 வரும். 2.5 லட்சத்துக்குக் கீழே! யாரும் பொய் சொல்லவில்லை. மறதிதான் தகுதியை உண்டாக்கியிருக்கிறது. பின்னால் விசாரணை வந்தால் மறதிக்கும் பொய்க்கும் வித்தியாசம் காட்டுவது எளிதல்ல.

சரியான 2,91,500ஐ வைத்துக்கொண்டே இந்த வீட்டுப் பிள்ளைக்கு என்னென்ன கிடைக்கும் என்று பாருங்கள். 2.5 லட்ச வரம்புள்ள உதவித்தொகை கிடைக்காது, மருத்துவக் காப்பீடும் கிடைக்காது. என்.எம்.எம்.எஸ். வரம்புக்குள் இருக்கிறார்கள். சென்ட்ரல் செக்டார் உதவித்தொகை, கல்விக் கடன் வட்டி மானியம் இரண்டின் வரம்புக்கும் உள்ளே. ஓ.பி.சி. கணக்கில் சம்பளத்தையும் நிலத்தையும் எடுத்துவிட்டால் மற்ற வருமானம் 79,500தான், எட்டு லட்சத்துக்கு எங்கேயோ கீழே. உண்மையைச் சொன்னாலும் கதவுகள் எல்லாம் மூடிவிடுவதில்லை.

வருமானம் அல்லாதவை

வங்கியில் வரவு வைத்தது எல்லாம் வருமானம் அல்ல. நகைக்கடன், கைமாற்று, கல்விக் கடன், மகளிர் குழுக் கடன் எல்லாம் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். நீங்கள் கட்டிய சீட்டு எடுத்த தொகை உங்கள் சொந்தச் சேமிப்பு. எஃப்.டி. முதிர்ந்தால் அசல் வருமானம் ஆகாது, வட்டி மட்டும் வருமானம். இப்படிப் பெரிய வரவு ஏதாவது இருந்தால் பாஸ்புக் நகலில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'நகைக்கடன்', 'சீட்டு' என்று குறித்து வையுங்கள். விசாரணை நேரத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

விண்ணப்பம் போடும்போது

வருமானச் சான்றிதழின் சேவை எண் ஆர்.இ.வி.-103. தமிழ்நாடு இ-சேவை தளத்தில் நீங்களே போடலாம், மையத்தில் கொடுத்தும் போடலாம். கட்டணம் 60 ரூபாய். முதல்முறை என்றால் 'கேன்' எனப்படும் குடிமக்கள் அணுகல் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். அதில் உள்ள பெயரும் முகவரியும்தான் சான்றிதழில் அச்சாகும் என்பதால், ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் எப்படி இருக்கிறது, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். பழைய கைபேசி எண் பதிவாகியிருந்தால் ஓ.டி.பி. வேறு யாருக்கோ போகும். அதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

புகைப்படம், முகவரிக்கு ரேஷன் கார்டோ ஆதாரோ, வருமானத்துக்குச் சேலரி ஸ்லிப் மாதிரியான ஆதாரம், கையெழுத்திட்ட சுய உறுதிமொழி ஆகியவை வேண்டும். சுய உறுதிமொழிதான் இதில் கனமான தாள். 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்று நீங்கள் பெயர் போட்டுக் கையெழுத்திடுகிறீர்கள். காலிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரவே கூடாது. தொகையை எழுதிய பிறகே கையெழுத்து.

மையத்தில் போட்டால் தட்டச்சு செய்பவரிடம் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சம்பாதிக்கும் ஒவ்வொருவர் பெயர், தொழில், தொகை சரியா என்று பாருங்கள். கட்டம் மாத வருமானத்தைக் கேட்கிறதா, ஆண்டு வருமானத்தையா என்று படித்துப் பாருங்கள். சுழியம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ 2,91,500 என்பது 29,15,000 ஆகும் அல்லது 29,150 ஆகும். இரண்டுமே உங்களை மறுபடி 60 ரூபாய் கட்ட வைக்கும். நீங்கள் வீட்டில் போட்ட கணக்குத் தாளையும் வருமான ஆதாரத்தோடு ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லுங்கள். மொத்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று அலுவலருக்குப் புரிந்துவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும் வாய்ப்பு குறையும்.

ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்து நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று விண்ணப்பம் மேலே போகும். நடுவில் யாராவது விளக்கம் கேட்டுத் திருப்பியிருந்தால் அங்கேயே தூங்கும். கல்லூரிச் சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலையில் அலுவலகங்களில் விண்ணப்பங்கள் குவியும். ஏப்ரல் முடிவதற்குள் கணக்கை முடித்து மே மாதத்தில் போட்டுவிடுங்கள். சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். போன ஜூலையில் வாங்கியதை இந்த செப்டம்பரில் உதவித்தொகைக்கு ஏற்ற முடியாது.

வருமானச் சான்றே கேட்காத திட்டங்களும் உண்டு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் உள்ளன. இவற்றுக்குச் சான்று இணைக்கச் சொல்லவில்லை. அரசிடம் இருக்கும் மின் இணைப்பு, நிலம், வாகனப் பதிவுகளை வைத்துச் சரிபார்ப்பார்கள். ஆகவே அங்கேயும் இதே தாளில் உள்ள தொகையைத்தான் சொல்ல வேண்டும்.

நிலைமை மாறினால், நிராகரித்தால்

வேலை போய்விட்டது, சம்பாதித்தவர் இறந்துவிட்டார், ஓய்வு பெற்றுவிட்டார் என்றால் போன ஆண்டுத் தொகை இன்றைய நிலையைச் சொல்லாது. இப்படிப்பட்ட வீடுகள் பழைய சான்றிதழோடு மல்லுக்கட்ட வேண்டாம். புதிதாக விண்ணப்பித்து, இறப்புச் சான்றிதழையோ பணி விடுவிப்புக் கடிதத்தையோ இணைத்து, எந்த மாதத்தில் இருந்து வருமானம் நின்றது என்று உறுதிமொழியில் எழுதுங்கள். ஓய்வூதியம் வந்தால் அது வருமானம், கட்டாயம் எழுத வேண்டும்.

நிராகரித்தால் காரணம் இணையத்திலேயே தெரியும். ஆவணக் குறை என்றால் திருத்தி மறுபடி போடலாம். தொகையை அலுவலர் ஏற்கவில்லை என்றால் கணக்குத் தாளையும் பில்களையும் எடுத்துக்கொண்டு வட்டாட்சியரை நேரில் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் எழுத்தில் முறையிடலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம், 1100 என்ற எண்ணிலும் பதியலாம்.

தவறான தொகையில் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிப் பயன்படுத்திவிட்டோம் என்று இப்போது தெரிந்தால் அதை மூடி வைக்க வேண்டாம். சரியான தொகையோடு புதிய சான்றிதழ் வாங்கி, பழைய சான்றிதழ் எண்ணையும் குறிப்பிட்டு, உதவித்தொகை என்றால் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவுக்கும் மற்றது என்றால் அந்தத் துறை அலுவலகத்துக்கும் கடிதம் கொடுங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை என்றால் விண்ணப்பத்தை நிறுத்திவிடுவார்கள். ஏறிவிட்டது என்றால் எந்தக் கணக்கில், எந்த முறையில் திருப்பிச் செலுத்துவது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்படியே செலுத்துங்கள். யாரிடமும் கையில் கொடுக்க வேண்டாம். அந்த ரசீதை அந்த ஆண்டின் கணக்குத் தாளோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.